ஒரு ராத்திரியும் ஓராயிரம் வருஷமும்

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலில் கிடப்பவை ஃபாரோ தீவுகள். அங்கே மானோர் என்ற மாலுமி, புயலில் உடைந்த படகிலிருந்து ஹார் என்பவனை நீந்திப் போய்க் காப்பாற்றுகிறான். அன்றிலிருந்து இருவரும் பிரியாதவர்கள். பின்னொரு நாள் மானோர் போன கப்பல் உடைகிறது. பிணமாகக் கரை ஒதுங்குகிறான். புதைத்தும் அடங்கவில்லை. கடல் ஈரம் சொட்டச் சொட்ட ராத்திரியில் எழுந்து வந்து, ஹாரின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டுக் கருக்கலில் கல்லறைக்குத் திரும்புகிறான். ஊர் கூடிக் குழியைத் தோண்டி அவன் நெஞ்சில் முளை அறைகிறது. அதையும் மீறி வருகிறான். இன்னும் பெரிய முளையாகப் பார்த்து அறைகிறார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. ஹார் ஏங்கியே சாகிறான். சாகும்போது அம்மாவிடம் கேட்பது இரண்டுதான்: அவன் பக்கத்தில் என்னைப் புதைக்க வேண்டும், அவன் நெஞ்சிலிருந்து அந்த முளையைப் பிடுங்கிவிட வேண்டும்.

எழுதியவர் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ், ஜெர்மானியர், சட்டம் படித்தவர். 1867 ஆகஸ்டில் மியூனிக்கில் நடந்த சட்ட அறிஞர் மாநாட்டில் எழுந்து, ஆணை விரும்பும் ஆணைத் தண்டிக்கும் சட்டத்தை நீக்குங்கள் என்று பேசினார். கூச்சல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சட்டம் நீங்கவில்லை, ஜெர்மானியப் பேரரசு அமைந்ததும் 175ஆம் பிரிவாக நாடு முழுக்கப் பரவியது. உல்ரிக்ஸ் இத்தாலிக்குப் போய்விட்டார். 1895இல் லாக்விலா நகரில் காலமானார். ‘மானோர்’ 1880களின் நடுவில் வெளிவந்த அவருடைய மாலுமிக் கதைகளில் ஒன்று. கதையில் ஹார் பதின்வயதுப் பையன். ஆகவே அதைக் காதல் கதைகளின் வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. நான் அதை எடுத்துக்கொள்வது அந்த ஊருக்காகவும் முளைக்காகவும். மாநாட்டுக் கூச்சலில் தோற்ற வக்கீல், ஊர் அறைந்த முளையைப் பிடுங்கச் சொல்லிக் கதை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆணும் ஆணும் காதலிக்கும் வாம்பயர் கதைகள் இன்று ஆங்கிலத்தில் ஒரு தனிச் சந்தை. திகில் கதை, காதல் கதை, படுக்கையறைக் கதை என மூன்று அலமாரியிலும் அவை கிடக்கின்றன. எத்தனையோ பேய் பிசாசுகள் இருக்க, தன்பாலீர்ப்பு இலக்கியத்தோடு இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டது இந்த ஒன்றுதான். ஏன்? வழக்கமான பதில், மறைவு. பகலில் எல்லோரையும் போல இருப்பான், ராத்திரியில் வேறொருவன். விமர்சகர் ரிச்சர்ட் டயர் 1988இல் எழுதிய கட்டுரை இந்த ஒப்புமையை விரிவாக அலசியது: படுக்கையறை, இருட்டு, யாருக்கும் தெரியாமல் நடப்பது, இன்னாரென்று சில அடையாளங்களை வைத்துக் கண்டுகொள்வது. சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மறைவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், மறைக்க வேண்டிய அவசியம் குறைந்ததும் இந்தக் கதைகளும் குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். இந்தக் கதைகளின் ஆதாரமான ஆசை மறைவைவிடக் காலத்தோடு சம்பந்தப்பட்டது என்பது என் எண்ணம். சேர்ந்து வாழ அவகாசம் கிடைக்காதவர்கள் சாகாத ஒருவனைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாம்பயரைத் தமிழில் ரத்தக்காட்டேரி என்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் நம் காட்டேரிக்கு அம்மன் பட்டம் உண்டு, படையல் உண்டு, கப்பலேறி கரீபியன் தீவுகள் வரை போன வழிபாடு உண்டு. கோட்டு போட்ட ஐரோப்பியப் பிரபு அவளுக்கு எந்த வகையில் உறவு? ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுபோனபோது நம் வேதாளத்துக்கு வாம்பயர் என்று பெயர் வைத்தார். முருங்கை மரத்தில் தொங்கிப் புதிர் போட்டதே தவிர, அது யார் கழுத்தையும் கடித்ததில்லை. இந்தக் கட்டுரையில் வாம்பயர் வாம்பயராகவே இருக்கட்டும்.

முதல் ஆங்கில வாம்பயர் கதையே இரண்டு ஆண்களுக்கு நடுவில் நடக்கும் பேரத்தில் பிறந்ததுதான். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனோடு தங்கியிருந்த இளம் மருத்துவர் ஜான் பாலிடோரி. பைரன் தொடங்கிக் கைவிட்ட ஒரு கதைத் துண்டை எடுத்து அவர் எழுதிய ‘தி வாம்பயர்’ 1819 ஏப்ரலில் ஒரு பத்திரிகையில் வந்தது, பைரன் பெயரில். பாலிடோரிக்கு அது ஆறாத குறை. கதையில் ரூத்வென் பிரபு, கூடவே பயணம் செய்யும் ஆப்ரி என்ற இளைஞனிடம் சாகும் தறுவாயில் சத்தியம் வாங்குகிறான்: ஒரு வருஷமும் ஒரு நாளும் என்னைப் பற்றி நீ யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பிறகு பிழைத்து லண்டன் வந்து ஆப்ரியின் தங்கையையே மணமுடிக்கிறான். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட அண்ணன் பேச முடியாமல் உருகிச் சாகிறான், தங்கையும் பிழைக்கவில்லை. அந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் காதல் என்ற சொல் வருவதில்லை. இருக்கும் இடமெல்லாம் அந்த மௌனம்தான்.

பெண்கள் பக்கம் கதை வேகமாக நகர்ந்தது. அயர்லாந்தின் ஷெரிடன் லெ ஃபானு 1872 வாக்கிலேயே ‘கார்மில்லா’வில் ஒருத்தி மற்றொருத்தியை விரும்புவதை ஏறக்குறைய வெளிப்படையாக எழுதிவிட்டார். ஆண்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பிரிட்டனில் 1885இல் வந்த சட்டத் திருத்தம் ஆண்களுக்கு இடையிலான எதையும் ‘ஒழுக்கக்கேடு’ என்று தண்டிக்க வழி செய்தது. பத்தே வருஷத்தில், 1895 மே மாதம், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு அதில் சிக்கி இரண்டு வருஷக் கடுங்காவலுக்குப் போனார். அவர் விடுதலையான அதே மாதம், 1897 மே, பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ கடைக்கு வந்தது. இருவரும் டப்ளின்காரர்கள், வைல்டு ஒரு காலத்தில் மணக்க நினைத்த பெண் ஸ்டோக்கரின் மனைவி. இளவயதில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்கு நெஞ்சைத் திறந்து நீளமான கடிதம் எழுதி, அனுப்பத் துணியாமல் நாலு வருஷம் வைத்திருந்து அனுப்பியவர் ஸ்டோக்கர். வைல்டு வழக்கின் நிழல் நாவல் முழுக்க விழுந்திருக்கிறது என்று டாலியா ஷாஃபர் 1994இல் வாதிட்டார். அந்த வாதம் சில இடங்களில் இழுத்துப் பிடிப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் கோட்டைக் காட்சி மறுக்க முடியாதது. மூன்று பெண் வாம்பயர்கள் விருந்தாளியான ஜானதன் ஹார்க்கரை நெருங்கும்போது டிராகுலா பிரபு ஆவேசமாக விலக்கி, இவன் எனக்குரியவன் என்று உரிமை கொண்டாடுகிறான். பிறகு என்ன ஆயிற்று? 1897 லண்டன் பதிப்பில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. 1899 அமெரிக்கப் பதிப்பில் ஒரே வரி மாறி, இன்றைய ராத்திரி அவனுக்கு, நாளைய ராத்திரி அவர்களுக்கு என்று பிரபு பங்கு பிரிக்கிறான். அந்த ஒரு ராத்திரியைத்தான் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த எழுபது வருஷத்தை வேகமாகத் தாண்டலாம். ‘நோஸ்ஃபெராட்டு’வை 1922இல் எடுத்த முர்னாவ் தன்பாலீர்ப்பாளர்; படத்தில் அது சாடையோடு சரி. ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் வாயைக் கட்டின. 1967இல் போலன்ஸ்கி எடுத்த நகைச்சுவைப் படத்தில் ஹெர்பர்ட் என்ற வாம்பயர் பிரபு மகன் வெளிப்படையாக ஓர் இளைஞனைத் துரத்துகிறான். அரங்கம் சிரித்தது, சிரிக்கத்தான் வைத்திருந்தார்கள்.

ஆன் ரைஸ் வந்ததும் சிரிப்பு நின்றது. 1972இல் ஆறு வயதுகூட நிரம்பாத மகளை ரத்தப் புற்றுநோயில் பறிகொடுத்தவர், அந்தத் துக்கத்தில் பழைய சிறுகதை ஒன்றைக் கையிலெடுத்து நாவலாக்கினார். ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ 1976இல் வெளியானது. லூயி, லெஸ்டாட் என்ற இரண்டு ஆண்கள், அவர்கள் மகளாக வளர்க்கும் ஒரு குழந்தை, நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீடு. இந்த வாம்பயர்களுக்கு உடலுறவு கிடையாது; ரத்தம் குடிப்பது மட்டுமே. அதனால் தணிக்கை செய்ய ஒன்றுமில்லை, புரிந்துகொள்ள நிறைய இருந்தது. தன்பாலீர்ப்பு வாசகர்கள் அதில் படித்தது ஒரு குடும்பத்தை. சண்டை போடும், பேசாமல் இருக்கும், பிரிய முடியாத ஒரு குடும்பம். இரண்டு ஆண்கள் அறுபது எழுபது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழும் கதை அதற்கு முன் அவர்கள் கையில் எத்தனை இருந்தது? பரிதாபமான முடிவுகள்தான் இருந்தன: ஒருவன் தூக்கு மாட்டிக்கொள்வான், இல்லாவிட்டால் கல்யாணம் செய்துகொள்வான்.

பிறகு ரத்தமே ஆபத்தாயிற்று. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றி அறிக்கை விட்டது. எய்ட்ஸ் என்று பெயர் வைப்பதற்குள் சாவுகள் குவிந்தன. 1977க்குப் பிறகு ஒரே ஒரு முறை இன்னொரு ஆணோடு உறவு கொண்டிருந்தாலும் அந்த ஆண் ஆயுள் முழுக்க ரத்ததானம் செய்யக் கூடாது என்று 1985இல் அங்கே விதி வந்தது. 2015இல் அது ஒரு வருஷக் காத்திருப்பாகத் தளர்ந்தது. தனிமனிதரின் நடத்தையைப் பார்த்து முடிவு செய்வது 2023இல்தான் வந்தது. இந்தியாவின் 2017 ரத்ததான வழிகாட்டியும் இவர்களை விலக்கும் பட்டியலில்தான் வைத்தது. ரத்தமே குற்றப்பத்திரிகையான ஒரு கூட்டம், ரத்தம் பகிர்வதைக் காதலின் உச்சமாக வைத்துக் கதை எழுத ஆரம்பித்த காலம் இதுதான். விமர்சகர்கள் பலர் இதில் நோயின் உருவகத்தைப் பார்த்தார்கள்: கடி என்றால் தொற்று. எனக்கு அதில் தெரிவது எதிர்த்திசை. முப்பது வயதில் நண்பர்களை வரிசையாகப் புதைத்தவன், என்றும் முப்பது வயதாகவே இருக்கும் ஒருவனைக் கனவு காண்கிறான். நோய் எதைப் பறித்ததோ அதைக் கொடுப்பது கதையில் வரும் கடி.

தொகுப்புகள் வர ஆரம்பித்தது 90களில். சிசிலியா டான் 1992இல் தொடங்கிய சர்க்லெட் பிரஸ், அறிபுனைவையும் பாலின்பக் கதையையும் கலந்து வெளியிடவென்றே ஏற்பட்டது. 1994இல் வாம்பயர் பாலின்பக் கதைகளுக்கு ஒரு தொகுப்பு போட்டது. கிளெய்ஸ் பிரஸ் முதலில் பாம் கீஸி தொகுத்த பெண்-பெண் வாம்பயர் கதைகளை 1993இல் கொண்டுவந்தது. மைக்கேல் ரோவும் தாமஸ் ரோஷும் சேர்ந்து தொகுத்த ஆண்-ஆண் கதைகள், ‘சன்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ 1996இலும் ‘பிரதர்ஸ் ஆஃப் தி நைட்’ 1997இலும் வெளிவந்தன. எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சிகிச்சை பரவலாகி, சாவுக்குத் தயாராக இருந்தவர்கள் பிழைத்து எழுந்ததும் அதே 1996இல்தான். தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சிறுகதை என்ற வடிவத்துக்கும் வாம்பயருக்கும் ஒரு தொழில் முரண்பாடு உண்டு. பாலின்பச் சிறுகதைக்கு வேண்டியது ஒரே ராத்திரி: மதுக்கூடம், ஒரு பார்வை, தெரு, அறை. வாம்பயரிடம் இருப்பதோ முடிவில்லாத ராத்திரிகள். நல்ல கதைகள் இந்த இரண்டையும் மோதவிடுகின்றன. அதற்குக் கைகொடுப்பது விடியல். வந்தவன் வெளிச்சத்துக்கு முன்னால் போயாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறப்பதற்குள் போய்விட வேண்டியிருந்த எத்தனையோ காதலர்களுக்கு அந்த அவசரம் தெரியும். விடியும்போது அவன் கொன்றுவிட்டுப் போனால் அது திகில் கதை. சும்மா போனால் பாலின்பக் கதை. உன்னையும் என்னைப் போல் மாற்றட்டுமா என்று கேட்டால் அது காதல் கதை. ஏறக்குறையக் கல்யாணக் கதை என்றே சொல்லலாம். சாவு பிரிக்கும் வரை என்ற வாக்கைக் கோயிலிலும் பதிவு அலுவலகத்திலும் சொல்ல அனுமதி இல்லாதவர்களுக்கு, சாவே பிரிக்க முடியாத ஒரு சடங்கு.

இன்னொரு சிக்கல், கடி. ரைஸுக்கு அது உறவுக்குப் பதிலாக நின்றது. உறவையே ஒளிவுமறைவில்லாமல் எழுதலாம் என்று ஆன பிறகு கடி எதற்கு? மட்டமான கதைகளில் மேலே தூவிய மிளகாய்ப்பொடி போலக் கிடக்கும். இல்லாவிட்டாலும் கதை நடக்கும். தேறிய கதைகளில் அதற்கு விலை உண்டு. உடம்பைக் கொடுப்பது சுலபம், கழுத்தைக் கொடுப்பது கஷ்டம் என்று நம்மை நம்ப வைக்கிறவர்தான் இந்த வகையில் எழுத்தாளர். வசியமும் அப்படித்தான். பழைய வாம்பயர் கண்ணால் பார்த்தே ஆளை மயக்குவான். மயங்கியவன் சொல்லும் ஆமாம், ஆமாமா? இந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் போன கதைகள் ஏராளம், அவை இன்று படிக்கக் கூசுகின்றன. எரிக் ஸ்டென்பாக் 1894இல் எழுதிய வாம்பயர் கதையை இந்த வரிசையின் முன்னோடி என்று சிலர் எடுத்து வைப்பார்கள். அதில் பலியாவது ஒரு குழந்தை, ஆகவே அதைக் காதல் கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பின்னால் வந்த கதைகளில் வாம்பயர் வசியத்தை வேண்டாமென்று ஒதுக்குவான், அல்லது காதலனிடம் அது பலிக்காது. வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டே ஆக வேண்டும் என்ற பழைய விதி இங்கே புது அர்த்தத்தோடு திரும்பி வருகிறது.

இந்தக் கேள்வியை எல்லோரையும்விட நேர்மையாகக் கையாண்டவர் ஒரு பெண். ஜுவல் கோமஸ் என்ற கறுப்பின எழுத்தாளரின் ‘தி கில்டா ஸ்டோரீஸ்’ 1991இல் வந்தது. தனித்தனிச் சிறுகதைகளாகவும் படிக்கலாம், நாவலாகவும் படிக்கலாம். 1850இல் லூயிசியானாவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிய ஒருத்தி வாம்பயராகி, 2050 வரை வாழ்கிறாள். அவளுடைய கூட்டம் யாரையும் கொல்வதில்லை. ரத்தம் எடுத்தால், அந்த ஆள் மனதில் என்ன ஆசை கிடக்கிறதென்று பார்த்து ஒரு கனவையோ தெம்பையோ விட்டுவிட்டு வர வேண்டும். கொடுக்கல் வாங்கல். மனித உடம்பை விலைக்கு வாங்கிய நாட்டில் வாழ்ந்தவளுக்கு, கேட்காமல் எடுப்பது என்றால் என்ன என்று தெரியாதா? ஆண்-ஆண் கதைகளில் நான் பெரும்பாலும் காண்பதோ பணக்காரக் கிழட்டுப் பிரபு, காசில்லாத அழகிய இளைஞன், பட்டுத் திரை, பழைய ஒயின். லூயியே ரைஸின் நாவலில் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிதான். துக்கம் பிடித்த முதலாளி.

2007இல் கிண்டில் மின்நூல் கருவி வந்ததும் சந்தை புரண்டது. அட்டைப்படம் வெளியே தெரியாமல் பேருந்தில் உட்கார்ந்து படிக்கலாம். நாற்பது ஐம்பது பக்கக் கதையைத் தனியாக விற்கலாம். அச்சுப் பதிப்பாளர் தொடாத நீளத்துக்கு வீடு கிடைத்தது. ஜோர்டன் காஸ்டிலோ பிரைஸ் அப்படித் துண்டு துண்டாக எழுதிய ‘சேனலிங் மார்ஃபியஸ்’ வரிசை எனக்குப் பிடித்தது. பழிவாங்கக் கிளம்பிய வாம்பயர் வேட்டைக்காரன் மைக்கேல், கோட்டையும் சொத்தும் இல்லாத வாம்பயர் வைல்டு பில். இங்கே பட்டுத் திரை கிடையாது. ரசிகர்கள் தாங்களே எழுதிப் பகிரும் கதைகளின் பங்கும் பெரிது; 70களில் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகைகள் தொடங்கிய, ஆண் பாத்திரங்களைக் காதலர்களாக்கும் ‘ஸ்லாஷ்’ மரபு அது. ஆன் ரைஸ் தன் பாத்திரங்களை ரசிகர்கள் தொடக் கூடாது என்று 2000 வாக்கில் தடுத்தார். அவர்கள் நிறுத்தவில்லை.

இந்தச் சந்தையில் எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் பெண்கள். எங்கள் வாழ்க்கை உங்களுக்குப் பொழுதுபோக்கா என்று ஆண்கள் சிலர் கேட்டார்கள். லாம்ப்டா இலக்கிய விருது 2009இல் பால்புதுமை எழுத்தாளர்களுக்கு மட்டுமே பரிசு என்று விதி போட்டு, 2011இல் பெரும்பாலான பிரிவுகளில் அதைத் தளர்த்திக்கொண்டது. யார் எழுதினார் என்று பார்ப்பதைவிட, எழுதியவருக்கு விடிவதற்குள் கிளம்பியாக வேண்டிய அந்த அறையின் பயம் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது. பெண்களிலும் தெரிந்தவர்கள் உண்டு, ஆண்களிலும் தெரியாதவர்கள் உண்டு. ஜே. ஆர். வார்டின் வாம்பயர் வரிசை பத்துப் புத்தகம் ஆண்-பெண் ஜோடிகளையே முன்னால் வைத்து ஓடியது. 2013இல் பதினொன்றாவது புத்தகத்தில்தான் இரண்டு ஆண்கள் நாயகர்களானார்கள்.

2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லுபடியாக்கியது. இனி ரத்தச் சடங்கு எதற்கு? பதில் 2022 அக்டோபரில் தொலைக்காட்சியில் வந்தது. ரைஸின் நாவலை ஏஎம்சி தொடராக எடுத்தபோது லூயி, 1910களின் நியூ ஆர்லியன்ஸில் தொழில் நடத்தும் கறுப்பினத்தவன். லெஸ்டாட்டும் அவனும் வெளிப்படையாகவே காதலர்கள்; ஒரே வீடு, ஒரே படுக்கை. ஐந்தாவது பகுதியில் லெஸ்டாட் அவனை அடித்து நொறுக்கி, வானத்துக்குத் தூக்கிப் போய்க் கீழே போடுகிறான். சேர்ந்து வாழ்வதே பெரிது என்றிருந்த வரை, சேர்ந்து வாழ்வதில் என்ன அடி விழும் என்று எழுத யாருக்கும் மனம் வந்ததில்லை. நூறு வருஷக் கனவின் உள்ளே கதவைத் திறந்து பார்த்தால் அது ஒரு குடித்தனம். எல்லாக் குடித்தனத்திலும் இருப்பது அதிலும் இருந்தது.

அந்தத் தொடரில் எனக்கு மறக்காதவர் டேனியல். நாவலில் ஒலிநாடாவோடு உட்கார்ந்து பேட்டி எடுக்கும் பெயரற்ற இளைஞன் அவர்தான். 1988இல் வந்த ‘தி குயின் ஆஃப் தி டாம்ட்’ புத்தகத்தில் பெயரோடு வருகிறார்: ஆர்மாண்ட் என்ற பழைய வாம்பயர் அவரை ஊர் ஊராகத் துரத்துகிறான், காதலிக்கிறான், என்னை மாற்று என்று டேனியல் கெஞ்சக் கெஞ்ச மறுக்கிறான், சாகக் கிடக்கும்போதுதான் சம்மதிக்கிறான். இளமை கெடாமல் அவர் வாம்பயர் ஆகிறார். தொடர் அந்த வயதை மாற்றிவிட்டது. துபாயில் உயரமான ஒரு கட்டடத்தில் லூயியையும் ஆர்மாண்டையும் எதிரே வைத்துப் பேட்டி எடுக்கும் டேனியலுக்கு எழுபதை ஒட்டிய வயது. விவாகரத்து ஆனவர், வாய்த்துடுக்கு அதிகம், பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது. அவரைப் போய் யாரும் கடிப்பார்கள் என்று இந்த வகைக் கதையைப் பல வருஷம் படித்த நான் எதிர்பார்க்கவில்லை. 2024இல் இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் அவர் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொலைக்காட்சிக்கு வருகிறார். முகத்தில் அதே சுருக்கங்கள், கை மட்டும் நடுங்கவில்லை.